நால்வர் ஆட்டம் கற்பிக்கும் கூட்டுப் பொறுப்பு

(வெள்ளி விழா இளைஞர் அரங்கில் ஆற்றிய உரை)

 

'விளையாட்டும் ஒற்றுமையும்' என்னும் பொருள் பற்றி இவ்வரங்கில் உரையாற்றுமாறு கழகத்தார் நம்மைப் பணித்துள்ளனர். கபடியைப் பற்றியோ கால்பந்தைப் பற்றியோ பேசுவோம் என்று நீங்கள் எதிர்பார்த்திருக்கக் கூடும். அவை நாம் நன்கறிந்த ஆட்டங்கள். இன்று நாம் பேச எடுத்துக்கொண்டதோ நமக்கு மிகத் தொலைவில் உள்ள ஓர் ஆட்டம். அதுதான் கோல்ஃப். இவ்வரங்கில் அமர்ந்திருப்போரில் அந்த ஆட்டத்தின் மட்டையைக் கையில் பிடித்தவர் ஒருவரேனும் இருப்பாரோ என்பது ஐயமே. செல்வர் விளையாட்டு நமக்கு எதற்கு என்று சிலர் எண்ணலாம். செல்வர் வீட்டு நெருப்பானாலும் விளக்கேற்ற உதவும் அன்றோ? ஆதலின் சற்றே பொறுமையுடன் கேட்குமாறு வேண்டுகிறோம்.

முதலில் ஆட்டத்தின் இயல்பைச் சுருக்கமாகக் காண்போம். பரந்த புல்வெளியில் 18 குழிகள் அமைக்கப்பட்டிருக்கும். ஒவ்வொரு குழியின் வாயும் நாலேகால் அங்குல அகலமே உடையது. நூற்றுக்கணக்கான கெச தூரத்திற்கு அப்பாலிருந்து சிறு பந்தை மட்டையால் அடித்து அடித்துக் கொண்டுசென்று அக்குழியில் விழச் செய்ய வேண்டும். இடையில் மணற்பள்ளங்களும், நீரோடைகளும், உயர்ந்து வளர்ந்த புதர்ப்புற்களும் இருக்கும். குறைந்த அடிகளில் பந்தைக் குழியில் சேர்ப்பவரே அக்குழியை வென்றவர். பதினெட்டுக் குழிகளில் யார் மிகுதியாக வென்றார் என்று கணக்கிடுவது குழிவாரி ஆட்டம். எல்லா அடிகளையும் மொத்தமாகக் கூட்டிப் பார்ப்பது மற்றொரு முறை. நாம் பேசப்போவது குழிவாரி ஆட்டத்தைப் பற்றியே.

பொதுவாகக் கோல்ஃப் தனியாள் ஆட்டம். அவரவர்க்கு அவரவர் பந்து. அவரவர் வெற்றி, அவரவர் தோல்வி. ஆனால் அதற்குள்ளேயே 'ஃபோர்சம்ஸ்' என்று ஒரு வகை உண்டு. அதனை நாம் 'நால்வர் ஆட்டம்' என்று அழைப்போம். இதில் இருவர் ஒரு பக்கம், இருவர் மறுபக்கம். ஆடுவோர் நால்வராயினும் பந்துகள் இரண்டே. ஒரு பக்கத்து இருவருக்கும் சேர்த்து ஒரே பந்து. அந்த ஒரு பந்தை இருவரும் மாறி மாறி அடிக்க வேண்டும். ஒருவர் முதலடி அடித்தால், பந்து எங்கே போய் விழுந்ததோ அங்கிருந்து இரண்டாம் அடியைத் துணைவர் அடிக்க வேண்டும். மூன்றாம் அடி மீண்டும் முன்னவருடையது. ஒற்றைப்படைக் குழிகளுக்கு ஒருவரும், இரட்டைப்படைக் குழிகளுக்கு மற்றவரும் தொடக்க அடியை அடிப்பர். முந்தைய குழியில் கடைசியாக அடித்தவர் யார் என்பதைப் பொறுத்து இது மாறுவதில்லை.

இம்முறை இன்று நேற்றுத் தோன்றியது அன்று. 1857ஆம் ஆண்டு ஸ்காட்லாந்து நாட்டின் செயின்ட் ஆண்ட்ரூஸ் நகரில் பல ஊர்களின் கோல்ஃப் சங்கங்கள் ஒன்றுகூடி ஒரு பெரும் போட்டியை நடத்தின. அதுவும் நால்வர் ஆட்டமாகவே நடைபெற்றது. இலண்டனை அடுத்த ராயல் பிளாக்ஹீத் சங்கம் வென்றது. அமெரிக்காவுக்கும் பிரிட்டனுக்கும் இடையே 1927இல் தொடங்கிய ரைடர் கோப்பைப் போட்டியில் முதல் ஆண்டிலிருந்தே இம்முறை இடம்பெற்றுள்ளது. அப்போட்டியில் இன்று ஐரோப்பா முழுவதும் ஓரணியாக ஆடுகிறது. ஆனாலும் நால்வர் ஆட்டம் மட்டும் விடப்படவில்லை.

இனி நம் பொருளுக்கு வருவோம். இங்கிலாந்து நாட்டில் பள்ளிகளுக்கிடையே ஆண்டுதோறும் நடைபெறும் நால்வர் ஆட்டப் போட்டி ஒன்று உண்டு. அதன் பெயர் ஹால்ஃபோர்டு ஹியூவிட் கோப்பை. பள்ளியில் பயின்று வெளியேறிய பழைய மாணவர்களே தத்தம் பள்ளியின் பெயரால் அதில் ஆடுகின்றனர். 1923இல் வெவ்வேறு பள்ளிகளில் பயின்ற பழைய மாணவர் இருவர் பகலுணவின்போது பேசிக்கொண்டிருக்கையில் இக்கருத்து முளைத்தது என்பர். மறு ஆண்டே, 1924இல், போட்டி தொடங்கிவிட்டது. சார்ட்டர்ஹவுஸ் பள்ளியின் பழைய மாணவரான ஹால்ஃபோர்டு ஹியூவிட் என்பார் கோப்பையை வழங்கினார். முதல் ஆண்டில் ஈட்டன் பள்ளி வென்றது. அதன் பின்னர் மிகுதியான முறை வென்ற பெருமை சார்ட்டர்ஹவுஸ் பள்ளிக்கே உரியது.

இன்று அப்போட்டியில் 64 பள்ளிகள் பங்கு பெறுகின்றன. பள்ளிக்குப் பத்துப் பேர். பத்துப் பேரும் ஐந்து இணைகளாகப் பிரிவர். ஆக 640 ஆட்டக்காரர்கள். கென்ட் மாவட்டத்தின் கடற்கரையில் டீல் என்னும் ஊரிலுள்ள ராயல் சின்க் போர்ட்ஸ் திடலிலும், அதனை அடுத்துச் சாண்ட்விச் ஊரிலுள்ள ராயல் செயின்ட் ஜார்ஜஸ் திடலிலும் ஆட்டங்கள் நடைபெறுகின்றன. முன்னது 1892இலும் பின்னது 1887இலும் நிறுவப்பட்டவை. தோற்ற பள்ளி வெளியேற வேண்டியதுதான். 64 என்பது 32 ஆகி, 16 ஆகி, 8 ஆகி, 4 ஆகி, 2 ஆகி, ஆறு சுற்றுகளில் ஒரே பள்ளி மிஞ்சும். கடற்காற்று வீசும் வசந்த காலத்தில் சில நாள்களுக்குள் இவை அனைத்தும் முடிவடைகின்றன.

இரண்டு பள்ளிகள் மோதும்போது ஐந்து இணைகளும் ஐந்து ஆட்டங்கள் ஆடுகின்றன. அவற்றுள் மூன்றில் வென்ற பள்ளியே வென்றதாகும். ஓர் இணை எவ்வளவு பெரிய வித்தியாசத்தில் வென்றாலும் அதன் மதிப்பு ஒன்றே. நாட்டின் தலைசிறந்த ஆட்டக்காரர் ஒருவர் ஒரு பள்ளியில் இருக்கலாம். அவரும் அவர் துணைவரும் பெரும் வெற்றி பெறலாம். மற்ற நான்கு இணைகளில் மூன்று தோற்றால் அப்பள்ளி வீடு திரும்ப வேண்டியதே. ஆகவே ஐந்தாம் இணையின் பயிற்சியும் முதல் இணையின் பயிற்சியைப் போலவே முக்கியமாகிறது. பதினெட்டுக் குழிகளிலும் சமநிலை ஏற்பட்டால் மீண்டும் முதல் குழிக்குச் சென்று ஆடவேண்டும். டீல் திடலின் முதல் குழிக்கு முன்னால் ஓர் ஓடை குறுக்கிடுகிறது. நாள் முழுவதும் ஆடிக் களைத்த பின், பள்ளியின் வெற்றி தோல்வி தம் கையில் நிற்க, அவ்வோடையைத் தாண்டிப் பந்தை அடிக்க வேண்டிய நிலையில் எத்தனையோ பேருக்குக் கை நடுங்கியிருக்கிறது.

இளைஞர்களே! இவ்வாட்டத்தின் விதிகளுள் நான்கினை எடுத்து உங்கள் முன் வைக்க விரும்புகிறோம். நம் பொதுவாழ்வுக்கென்றே எழுதி வைத்தாற்போன்றவை அவை.

முதலாவது, முறை தவறி அடித்தால் அக்குழியை இழக்க வேண்டும் என்பது. துணைவர் அடிக்க வேண்டிய அடியை நாமே நன்றாக அடித்துவிடலாமே என்று முந்திக்கொண்டால், அடி எவ்வளவு சிறப்பாக அமைந்தாலும் பயனில்லை. குழிவாரி ஆட்டத்தில் அக்குழி எதிரணிக்குப் போய்விடும். ஊர்ப்பணிகளில் ஒருவரே எல்லாவற்றையும் செய்துவிட முனைவதை நாம் பார்க்கிறோம். அவர் நல்லவராக, வல்லவராகவே இருக்கலாம். ஆனால் அவர் அருகில் நிற்கும் இளைஞன் ஒருநாளும் பந்தை அடித்துப் பழகுவதில்லை. அவர் ஓய்ந்த பின் பணியும் ஓய்ந்துவிடுகிறது.

இரண்டாவது, வேண்டுமென்றே தவறவிடலாகாது என்பது. தன் முறை வரும்போது கடினமான இடத்தில் பந்து கிடக்கிறது என்பதற்காக, அடிப்பதுபோல் பாவனை செய்து பந்தைத் தொடாமல் மட்டையை வீசிவிட்டு, 'இனி உன் முறை' என்று துணைவரிடம் தள்ளிவிட இயலாது. 2019இல் திருத்தி எழுதப்பட்ட கோல்ஃப் விதிநூலின் 22ஆம் விதி இதனைத் தெளிவாகத் தடை செய்கிறது. பட்டம் பெற்றுப் பதவி அடைந்தவுடன், 'ஊர்க் காரியமா? அதை ஊரில் இருப்பவர்கள் பார்த்துக்கொள்வார்கள்' என்று ஒதுங்குவோர்க்கும் இவ்விதி பொருந்தும் அல்லவா?

மூன்றாவது, துணைவரின் பிழையைத் திருத்துவது நம் கடமை என்பது. முதலடி அடித்தவரின் பந்து எல்லைக்கு வெளியே போய்விட்டது என்று வைத்துக்கொள்வோம். தண்டனையாக ஓர் அடி கூடும். மறுபடியும் அதே இடத்திலிருந்து அடிக்க வேண்டும். யார் அடிப்பது? பிழை செய்தவர் அல்லர். துணைவரே அடிக்க வேண்டும். தண்டனை அடிகள் முறையை மாற்றுவதில்லை. 'அவன் கெடுத்தான், அவனே திருத்தட்டும்' என்பதற்கு இவ்வாட்டத்தில் இடமில்லை. அவ்வாறே, துணைவர் பந்தை மணற்பள்ளத்தில் போட்டால் அங்கே இறங்கி நிற்பவர் நாம். முகம் சுளித்தால் அவருடைய அடுத்த அடியும் கெடும். அதன் விளைவும் நம் காலடியிலேயே வந்து விழும்.

நான்காவது, கணக்கு குழிக்குக் குழி புதிதாகத் தொடங்குகிறது என்பது. ஒரு குழியில் பத்து அடி கூடுதலாகப் போனாலும் இழப்பது ஒரு குழியே. அடுத்த குழியில் இரு தரப்பாரும் சமமாகவே நிற்கின்றனர். பத்தாம் வகுப்பில் ஒரு பாடத்தில் தவறிவிட்ட பிள்ளையை, 'இவன் அவ்வளவுதான்' என்று ஆடு மேய்க்கவும் செங்கல் சூளைக்கும் அனுப்பிவிடும் பெற்றோரை ஆசிரியப் பணியில் நாம் பலமுறை கண்டிருக்கிறோம். அவர்களுக்கு நாம் கூறுவது இதுவே: தவறியது ஒரு குழி, மீதிப் பதினேழு குழிகள் காத்திருக்கின்றன.

இனி, இப்போட்டியின் மறுபக்கத்தையும் காண வேண்டும். புகழ வேண்டியதைப் புகழ்ந்துவிட்டு, கேட்க வேண்டியதைக் கேளாமல் போவது கற்றோர்க்கு அழகன்று.

இப்போட்டியில் ஆடும் 64 பள்ளிகளும் எத்தகையவை? இங்கிலாந்தில் அவற்றைப் 'பப்ளிக் ஸ்கூல்' என்பர். பெயரை மொழிபெயர்த்தால் பொதுப்பள்ளி என்றாகும். உண்மையில் அவை பெருங்கட்டணம் வாங்கும் தனியார் பள்ளிகள். ஈட்டன் பள்ளியில் இன்று ஆண்டுக் கட்டணம் 50,000 பவுண்டுக்கு மேல். கட்டணமின்றிப் பயில்வோரும் அங்குச் சிலர் உளர்; ஆயினும் பெரும்பாலோர் செல்வர் மக்களே.

ஆனால், அன்பர்களே, அப்பள்ளிகள் தோன்றிய வரலாற்றைப் புரட்டினால் வியப்பு ஒன்று காத்திருக்கிறது. வின்செஸ்டர் பள்ளி 1382இல் 70 ஏழை மாணவர்களுக்காக நிறுவப்பட்டது. ஈட்டன் பள்ளியை ஆறாம் ஹென்றி மன்னர் 1440இல் நிறுவியபோது அங்கும் 70 ஏழைச் சிறுவர்களுக்கு இலவசக் கல்வி அளிப்பதே நோக்கம். ஹாரோ பள்ளி 1572இல் ஜான் லயன் என்னும் குடியானவர் தம் ஊர்ச் சிறுவர்கள் கட்டணமின்றிப் பயில்வதற்காக ஏற்படுத்தியது. கோப்பையை மிகுதியாக வென்ற சார்ட்டர்ஹவுஸ் பள்ளியும் 1611இல் தாமஸ் சட்டன் என்பாரின் அறக்கொடையால், ஏழைச் சிறுவர் 40 பேருக்கும் ஆதரவற்ற முதியோர்க்கும் புகலிடமாகத் தோன்றியது.

ஏழைகளுக்கென எழுந்த இப்பள்ளிகள் எவ்வாறு செல்வர் கைக்குப் போயின? ஒரே நாளில் எவரும் வந்து பறித்துவிடவில்லை. இலவச மாணவர்களுடன் கட்டணம் செலுத்துவோரும் சேரலாம் என்று கதவு சிறிதே திறந்தது. நல்லாசிரியர் வந்தனர், பெயர் பரவியது, கட்டணத்தார் கூட்டம் பெருகியது. ஏழைகளே அங்குச் சிறுபான்மையினர் ஆயினர். ஹாரோவில் நடந்ததைக் கேளுங்கள். ஊர்ச் சிறுவர்களுக்காகத் தோன்றிய அப்பள்ளி நாடெங்குமுள்ள செல்வர் பிள்ளைகளால் நிரம்பிய பின்னர், ஊர்ச் சிறுவர்களுக்கென 1876இல் வேறொரு பள்ளியை நிறுவினர். நிறுவனரின் பெயரால் அதற்கு ஜான் லயன் பள்ளி என்று பெயர். யாருக்காக வீடு கட்டப்பட்டதோ அவர்களுக்குப் பக்கத்து மனையில் தனிவீடு கிடைத்தது. பழைய வீடு வந்தவர்களுக்கு உரியதாயிற்று.

பள்ளிகள்தாம் இவ்வாறென்றால், ஆடும் திடல்களோ இன்னும் இறுக்கமானவை. ராயல் செயின்ட் ஜார்ஜஸ் சங்கம் பெண்களை உறுப்பினராக ஏற்பதென்று முடிவு செய்தது 2015இல்தான். சங்கம் தோன்றி 128 ஆண்டுகள் கழித்து! பை நிறைய மட்டைகளைத் தோளில் சுமந்து ஆட்டக்காரர் பின்னே நடந்த ஏழைச் சிறுவர்கள் அத்திடல்களின் ஒவ்வொரு மேடு பள்ளத்தையும் அறிந்திருந்தனர். எனினும் அவர்களுக்குச் சங்க மாளிகையின் உள்ளே இடமில்லை. மண்ணை அறிந்தவன் வெளியே, மண்ணுக்கு உரிமையாளன் உள்ளே. இந்நிலை நமக்கு விளக்கிச் சொல்ல வேண்டிய ஒன்றன்று.

தென்னாப்பிரிக்காவில் நடந்த நிகழ்ச்சி ஒன்றினை இங்குக் குறிப்பிட வேண்டும். 1860ஆம் ஆண்டில் முதல் ஒப்பந்தக் கூலிக் கப்பல் சென்னைத் துறைமுகத்திலிருந்தே அந்நாட்டின் டர்பன் நகருக்குச் சென்றது. பின்னர்க் கல்கத்தாவிலிருந்தும் கப்பல்கள் சென்றன. அவ்வாறு சென்ற இந்தியக் கூலிகளின் வழிவந்தவர் பாப்வா சேகோலம். எழுதப் படிக்கக் கற்காதவர்; கோல்ஃப் திடலில் பை சுமந்து பிழைத்தவர். எல்லாரும் வலக்கைக்கு மேல் இடக்கையை வைத்து மட்டையைப் பிடிக்க, இவர் கைகளை மாற்றி வைத்துப் பிடிப்பார். கற்றுக் கொடுக்க எவரும் இல்லாத பிடி அது. அந்தப் பிடியோடு 1959இலும் 1960இலும், பிறகு 1964இலும் ஹாலந்து நாட்டின் டச்சு ஓப்பன் போட்டியை வென்றார். 1963இல் டர்பன் நகரில் நடந்த நேட்டால் ஓப்பன் போட்டியில் வெள்ளையர் அனைவரையும் வென்றார். மழை பெய்துகொண்டிருந்தது. வெள்ளையரல்லாதார் நுழையக் கூடாத சங்க மாளிகையினுள் வெள்ளையர் நிற்க, வெற்றி பெற்றவர் வெளியே மழையில் நனைந்தவாறு பரிசைப் பெற்றார். அந்தப் புகைப்படம் உலகெங்கும் பரவி நிறவெறியின் முகத்தைக் காட்டிக் கொடுத்தது. பின்னாளில் வெள்ளையரோடு ஆடும் போட்டிகளிலேயே அவர் கலந்துகொள்ள இயலாதவாறு தடை விதிக்கப்பட்டது. வறுமையிலேயே 1978இல் மறைந்தார். திறமை அவரைப் பரிசு வரை கொண்டுசென்றது. கூரைக்குள் கொண்டுசெல்ல அத்திறமை போதவில்லை. தனியொருவரின் வெற்றி எவ்வளவு பெரியதாயினும், பின்னால் ஓர் அமைப்பு இல்லையேல் அது மழையில் நிற்கும் வெற்றியே.

இதற்கு மாறான வரலாறும் உண்டு. அமெரிக்காவின் சிக்காகோ நகரில் எட்டு வயதில் பை சுமக்கத் தொடங்கியவர் சிக் எவன்ஸ். வளர்ந்து 1916ஆம் ஆண்டில் அந்நாட்டின் ஓப்பன், அமெச்சூர் ஆகிய இரு பட்டங்களையும் ஒரே ஆண்டில் வென்றார். பல்கலைக்கழகத்தில் சேர்ந்தும் பணமின்மையால் படிப்பை இடையில் விட்டவர் அவர். கோல்ஃப் பயிற்சி பற்றி அவர் பேசிய இசைத்தட்டுகளுக்குப் பணம் வந்தது. அதனைத் தமக்கென எடுத்தால் அமெச்சூர் தகுதி போய்விடும். அத்தொகையைப் பை சுமக்கும் பிள்ளைகளின் கல்லூரிப் படிப்புக்குக் கொடு என்று அவருடைய தாயார் அறிவுரை கூறினார். 1930இல் இரண்டு மாணவர்களோடு அந்த உதவித்தொகைத் திட்டம் தொடங்கியது. இன்று வரை ஆயிரக்கணக்கானோர் அதனால் பட்டம் பெற்றுள்ளனர். அத்திட்டத்தில் மாணவரைத் தேர்ந்தெடுக்கும்போது மதிப்பெண்ணைப் பார்க்கின்றனர், நடத்தையைப் பார்க்கின்றனர், உழைப்பைப் பார்க்கின்றனர். அவற்றோடு குடும்பத்தின் வறுமையையும் ஒரு தகுதியாகவே பார்க்கின்றனர். தொண்ணூறு ஆண்டுகளுக்குப் பின்னும் அந்தத் தகுதியை அவர்கள் நீக்கிவிடவில்லை.

உறுப்பினர்களே! இவ்வளவும் நாம் கூறியதன் காரணம் இப்போது உங்களுக்கு விளங்கும். நம் கல்விக் கழகம் 25 ஆண்டுகளை நிறைவு செய்கிறது. மாலை வகுப்புகளிலும் மாணவர் விடுதியிலும் இடம் கேட்டு வருவோர் தொகை பெருகிவிட்டது. இனி மதிப்பெண் உயர்ந்த பிள்ளைகளையே சேர்க்கலாம், சிறு கட்டணமும் வாங்கலாம், தேர்ச்சி விழுக்காடு உயரும், கழகத்தின் பெயரும் உயரும் என்ற பேச்சு நம்மிடையே எழுந்துள்ளது. அவ்வாறு கூறுவோர் கழகத்தின் நலம் விரும்பிகளே. அவர்தம் நோக்கத்தில் நாம் குறை காணவில்லை. ஆனால் ஹாரோவிலும் ஈட்டனிலும் கதவைச் சிறிதே திறந்தவர்களும் தத்தம் பள்ளியின் நலம் விரும்பிகளே என்பதை நினைவூட்ட விரும்புகிறோம்.

மதிப்பெண் உயர்ந்த பிள்ளைக்கு நாளை வேறு பல கதவுகள் திறக்கும். விடியுமுன் தாயும் தந்தையும் துப்புரவுப் பணிக்குச் சென்றுவிட, தம்பி தங்கையைக் குளிப்பாட்டிச் சோறூட்டிவிட்டு, முதல் மணி அடித்த பின் வகுப்புக்கு ஓடிவரும் சிறுமிக்கு நம் கதவைத் தவிர வேறு எது இருக்கிறது? அறுவடை நாள்களில் பெற்றோருடன் வெளியூர் சென்றுவிட்டு, பாதிப் பாடம் தெரியாமல் தேர்வெழுதும் சிறுவனுக்கு வேறு யார் இருக்கின்றனர்? நம் ஐந்தாம் இணை அவர்களே. அவர்கள் வென்றாலன்றி இக்கழகம் வென்றதாகாது. முதல் இணை எத்தனை குழிகளில் வென்றது என்று மட்டும் எண்ணி மகிழ்வோமாயின், போட்டியில் தோற்ற பின்னும் வென்றோம் என்று நம்பிக்கொண்டிருப்போம்.

அவ்வாறாயின் அப்பள்ளிகளிடமிருந்து நாம் கற்கத் தக்கது யாதொன்றும் இல்லையா? உண்டு. பழைய மாணவர் பற்று என்னும் ஒன்றினை அவர்களிடமிருந்து தயங்காமல் கற்கலாம். பள்ளியை விட்டு முப்பது ஆண்டு, நாற்பது ஆண்டு ஆனவர்களும் தம் அலுவலை ஒதுக்கி வைத்துவிட்டு, கடற்காற்றில் நின்று பள்ளிக்காக ஆடுகின்றனர். ஐம்பது வயதுக்காரரும் இருபத்தைந்து வயது இளைஞனும் இணையாக நின்று ஒரே பந்தை அடிக்கின்றனர். அந்தப் பற்றினால்தான் அவர்களிடையே வேலைவாய்ப்பும், அறிமுகமும், அறிவுரையும் கைமாறிக் கைமாறிச் செல்கின்றன. அது அவர்களுக்கு மட்டும் பயன்பட்டது என்பதே நம் குறை. அப்பற்றினை நாம் பெற்று, வாயிற்கதவையும் திறந்தே வைப்போமானால், அவர்கள் பெறாத வெற்றியை நாம் பெறுவோம்.

நம் தலைவர் டாக்டர் அம்பேத்கர் அவர்களின் வாழ்வே இதற்குச் சான்று. பரோடா மன்னர் சாயாஜிராவ் கெய்க்வாட் அளித்த உதவித்தொகையினால் 1913இல் அவர் அமெரிக்காவின் கொலம்பியா பல்கலைக்கழகம் சென்றார். அது பிறர் அடித்துத் தந்த முதலடி. பந்து வந்து தம் காலடியில் விழுந்ததும், அதை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொள்ளவில்லை அவர். 1945இல் மக்கள் கல்விக் கழகத்தை நிறுவினார். மறு ஆண்டு மும்பையில் சித்தார்த்தா கல்லூரி தோன்றியது. 1950இல் ஔரங்காபாத்தில் மற்றொரு கல்லூரி எழுந்தது; அது பின்னாளில் மிலிந்த் கல்லூரி என்று பெயர் பெற்றது. கல்வியே எட்டாதிருந்த மராத்வாடா நாட்டு ஏழை மாணவர்கள் அங்குத் திரண்டனர். அவர் அடித்த அடி எத்தனை தொலைவு சென்றது என்பதற்கு, இன்று இப்பந்தலில் அமர்ந்திருக்கும் நாமும் ஒரு கணக்கே.

இளைஞர்களே! நிறைவாக மூன்று வேண்டுகோள்களை உங்கள் முன் வைக்கிறோம்.

இக்கழகத்தால் பயன்பெற்று வேலையில் அமர்ந்தவர் ஒவ்வொருவரும் ஒரு மாணவரைத் துணையாக ஏற்க வேண்டும். பணம் மட்டும் அனுப்பினால் போதாது. திங்களுக்கு ஒரு முறையேனும் அப்பிள்ளையுடன் அமர்ந்து, பாடத்தில் எங்கே இடறுகிறது என்று கேட்க வேண்டும். மணற்பள்ளத்தில் பந்து கிடந்தால் இறங்க வேண்டியவர் நீங்கள்.

விடுதியிலும் மாலை வகுப்பிலும் இடம் அளிக்கும்போது, குடும்பத்தின் வறுமையும், பெற்றோர் எழுத்தறியாமையும், பெண் குழந்தை என்பதும் முதல் தகுதிகளாக இருக்க வேண்டும். இதனைக் கழகத்தின் விதிகளிலேயே எழுதி வைக்குமாறு பொதுக்குழுவைக் கேட்டுக்கொள்கிறோம். வாய்மொழி நோக்கம் ஒரு தலைமுறையோடு மறைந்துவிடக் கூடும். அறக்கட்டளை எழுதி வைத்தும் ஹாரோவில் நிலைமை மாறியது என்றால், எழுதி வைக்காத நம் நோக்கம் எத்தனை நாள் நிற்கும்?

ஆண்டுக்கொரு நாள், நம் பழைய மாணவர் அனைவரும் இவ்வூரில் கூட வேண்டும். கபடியாகட்டும், கைப்பந்தாகட்டும், மூத்தோரும் இளையோரும் ஓரணியில் கலந்து ஆட வேண்டும். ஆடிய பின் அனைவரும் ஒரே பந்தியில் அமர்ந்து உண்ண வேண்டும். அன்றே அவ்வாண்டு கைவிடப்படும் நிலையிலுள்ள பிள்ளைகளின் பெயர்களைப் படித்து, யார் யாரை ஏற்பது என்று முடிவு செய்ய வேண்டும்.

இருபத்தைந்து ஆண்டுகளாக மூத்தோர் தம் முறைக்கு உரிய அடியைத் தவறாமல் அடித்துள்ளனர். பள்ளிக் கட்டடத்திற்கு மண் சுமந்தவர்களும், பிடியரிசி கொடுத்தவர்களும், மண்ணெண்ணெய் விளக்கில் பாடம் சொன்னவர்களும் அவர்களுள் உளர். சிலர் இன்று நம்மிடையே இல்லை. பந்து இப்போது உங்கள் காலடியில் கிடக்கிறது, முறை உங்களுடையது. விதி உங்களுக்குத் தெரியும்.